ஐந்து குஷன் உறைக்கு எத்தனை மீட்டர் துணி?

தையல் மெஷின் வாங்கிய புதிதில் பெரும்பாலானவர்கள் முதலில் கை வைப்பது குஷன் உறையில்தான். நான்கு பக்கமும் நேர்த் தையல், கழுத்து இல்லை, கை இல்லை, அளவு தப்பினாலும் யாரும் போட்டுப் பார்த்துக் குறை சொல்லப் போவதில்லை. தைப்பது சுலபம். துணி வாங்குவதில்தான் தப்பு நடக்கிறது.

எனக்கும் அப்படித்தான் நடந்தது. சத்துவாச்சாரி வீட்டுக்குக் குடிவந்த புதிதில் திவானுக்கு ஐந்து உறை தைக்கலாம் என்று கிளம்பி, வேலூர் பஜாரில் ஒரு துணிக்கடையில் நின்று, "ஐந்து குஷனுக்கு எவ்வளவு வேணும்?" என்று கேட்டேன். "ஒன்றரை மீட்டர் எடுத்துக்கம்மா, போதும்" என்றார்கள். வீட்டில் விரித்து வெட்டினேன். மூன்று உறை வந்தது, நான்காவதுக்குத் துணி இல்லை. பத்து நாள் கழித்துத் திரும்பப் போனால் அதே டிசைன் இருந்தது, ஆனால் புது லாட். பழைய நீலம் கொஞ்சம் மயில் கழுத்துப் பக்கம் போகும், புது நீலம் பள்ளிச் சீருடை மாதிரி இருந்தது. பக்கத்தில் வைத்தால் தெரியும் அளவுக்கு வித்தியாசம். அந்த ஐந்து உறையும் கடைசிவரை ஜோடி சேரவே இல்லை.

அந்தக் கடைக்காரர் மேல் தப்பில்லை என்று இப்போது புரிகிறது. என் குஷன் எவ்வளவு பெரியது, பின்பக்கம் எப்படி மூடப் போகிறேன், துவைத்துவிட்டு வெட்டுவேனா என்று எதுவுமே சொல்லாமல் மீட்டர் கணக்கு கேட்டால் அவர் என்ன செய்வார்? மீட்டர் என்பது கடைசியில் வரும் விடை. அதற்கு முன்னால் தெரிய வேண்டியது இரண்டு: உங்கள் துண்டின் அளவு, துணியின் பன்னா, அதாவது அகலம்.

முதலில் குஷனை அளப்போம்

டேப்பைக் குஷனின் வயிற்றின் மேல் வளைத்து அளக்காதீர்கள். உப்பிய இடத்தில் 16 இன்ச் குஷன் 18 காட்டும். தட்டையான தரையில் வைத்து, ஒரு ஓரத் தையலிலிருந்து எதிர் ஓரத் தையல் வரை நேராக அளக்க வேண்டும். கடையில் பெரும்பாலும் கிடைப்பவை 12, 16, 18, 20, 24 இன்ச் சதுரங்கள். நம் வீடுகளில் 16தான் அதிகம், அதனால் கணக்கு முழுவதும் 16ஐ வைத்தே சொல்கிறேன்.

உள்ளே என்ன பஞ்சு என்பதையும் பாருங்கள். ஃபைபர் பஞ்சும் இலவம் பஞ்சும் நாளாக ஆக அமுங்கும். அவற்றுக்கு உறையை ஒரு இன்ச் சின்னதாகத் தைத்தால்தான் மூலை தொங்காமல் விறைப்பாக நிற்கும். ஃபோம் அமுங்காது, அதற்குச் சரி அளவு. துணி வாங்கும்போது மட்டும் இந்த ஒரு இன்ச்சைக் கழிக்காமல் முழு அளவுக்கே வாங்குங்கள். கையில் கொஞ்சம் கூடுதலாக இருப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

பின்பக்கம் எப்படி மூடும்?

புதிதாகத் தைப்பவர்களுக்கு நான் சொல்வது கவர் மாதிரி மடிக்கும் முறை. தபால் கவரின் மூடி ஒன்றன் மேல் ஒன்று ஏறுவதுபோல, பின்பக்கம் இரண்டு மடிப்புகள் நான்கு இன்ச் ஏறிப் படுக்கும். ஜிப் வேண்டாம், பட்டன் வேண்டாம், துவைக்கக் கழற்றுவதும் எளிது. இதற்கு ஒரே நீளத் துண்டு போதும். அந்தத் துண்டின் அளவு இப்படி வரும்:

அகலம்: குஷன் அளவு + 1 இன்ச். இரண்டு பக்கமும் தையலுக்கு அரை அரை இன்ச்.
நீளம்: குஷன் அளவு இரண்டு மடங்கு + ஏறிப் படுக்க 4 இன்ச் + இரண்டு ஓரமும் மடித்து அடிக்க 2 இன்ச்.

16 இன்ச் குஷனுக்கு அகலம் 17, நீளம் 38. இந்த இரண்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். 12க்கு 13, 30. 18க்கு 19, 42. 20க்கு 21, 46.

சந்தேகமாக இருந்தால் பழைய செய்தித்தாளை 17க்கு 38 வெட்டி, குஷனைச் சுற்றிப் பாருங்கள். புதிதாகத் தைக்க வருகிறவர்களிடம் நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான். தாள் குஷனைச் சுற்றி வந்து பின்னால் ஒன்றன் மேல் ஒன்று ஏறுவதைக் கண்ணால் பார்த்துவிட்டால் மேலே சொன்ன சூத்திரம் மறக்கவே மறக்காது.

பன்னாதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது

பன்னா என்றால் துணியின் அகலம், ஒரு கரையிலிருந்து மறு கரை வரை. நீளத்தை நீங்கள் கேட்டபடி வெட்டித் தருவார்கள், பன்னா தறியிலேயே முடிவானது. கடையில் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "அண்ணா, இது எத்தனை பன்னா?" "நாப்பத்தி நாலும்மா" என்று பதில் வரும். காட்டன் பிரிண்டுகளில் 44ஐத்தான் அதிகம் பார்க்கலாம். சில கைத்தறித் துணிகளும் காடாவும் 36இல் வரும். சோபாத் துணியும் கர்ட்டன் துணியும் 48, 54 என்று போகும்.

பதிலைக் கேட்டுக்கொண்டு டேப்பையும் வைத்துப் பாருங்கள். 44 என்று சொன்ன ஒரு பிரிண்டை அளந்தபோது கரை நீங்கலாக 42தான் எனக்குக் கிடைத்தது. டேப் எடுத்து வரவில்லையா, கை இருக்கிறது. முழம் 18 இன்ச், சாண் 9 இன்ச் என்பது பொதுக் கணக்கு. உங்கள் முழம் எத்தனை இன்ச் என்று வீட்டில் ஒருமுறை அளந்து மனதில் வைத்துக்கொண்டால் எந்தக் கடையிலும் பன்னாவைச் சட்டென்று பார்த்துவிடலாம்.

இப்போது அந்தத் தாளில் ஒரு நீண்ட பட்டை வரையுங்கள். அதுதான் துணி. அகலம் 44. அதில் 17க்கு 38 துண்டை எப்படி வைப்பீர்கள்?

பலரும் 38ஐத் துணியின் நீளவாட்டில் வைப்பார்கள். 44க்குள் 17 இரண்டு முறை போகும், மிச்சம் 10 இன்ச் வீண். ஒரு வரிசைக்கு இரண்டு உறை, ஐந்து உறைக்கு மூன்று வரிசை. மூன்று 38 சேர்ந்தால் 114 இன்ச்.

துண்டைத் திருப்பிப் போடுங்கள். 38 இன்ச் கரையிலிருந்து கரைக்குக் குறுக்கே படுக்கட்டும். ஒரு உறைக்கு நீளத்தில் 17 இன்ச்தான் போகும். ஐந்து உறைக்கு 85 இன்ச். திருப்பிப் போட்டதற்கே 29 இன்ச் மிச்சம், கிட்டத்தட்ட முக்கால் மீட்டர் பார்த்துக்கொள்ளுங்கள். இதைக் காகிதத்தில் வரையாமல் மனதில் கண்டுபிடிப்பது கஷ்டம், அதனால்தான் வரையச் சொல்கிறேன். தைத்துப் பழகிய பிறகும் நான் வரைந்துதான் வாங்குகிறேன்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. குறுக்கே படுத்த துண்டை 38க்கு வெட்டாமல் முழுப் பன்னாவாகவே விட்டால் அதன் இரு முனையும் துணியின் கரையில் போய் முடியும். கரை பிரியாது. கைத்தறித் துணியில் கரை அழகாகவே இருக்கும். அதையே பின்பக்க மடிப்பின் ஓரமாக விட்டுவிட்டால் மடித்து அடிக்கும் 2 இன்ச்சும் வேண்டாம், தையல் வேலையும் குறையும். 18 இன்ச் குஷனுக்கு இது பெரிய உதவி. 42 இன்ச் நீளத் துண்டு, துவைத்துச் சுருங்கிய 44 பன்னாவுக்குள் அடங்காமல் போகலாம். கரையை ஓரமாக வைத்தால் 40 போதும், தாராளமாக அடங்கும். பிரிண்ட் துணிகளில் கரையில் கம்பெனிப் பெயரும் ஊசி ஓட்டைகளும் இருக்கும், அவற்றுக்கு இந்த வழி ஒத்துவராது.

36 பன்னாவில் 38 குறுக்கே போகாது. நீளவாட்டில்தான் வைக்க முடியும், 114 இன்ச் ஆகும்.

54 பன்னாவில் கவனம் வேண்டும். நீளவாட்டில் மூன்று துண்டு பக்கத்துப் பக்கமாக வைத்தால் 51 இன்ச். இரண்டே வரிசையில், 76 இன்ச்சில், ஆறு உறை வந்துவிடும் என்று தாள் சொல்லும். சுருங்காத பாலியஸ்டர் துணியென்றால் உண்மைதான். காட்டன் என்றால் துவைத்தபின் 54 என்பது 51ஐ ஒட்டி இறங்கிவிடலாம், கரையை வெட்டினால் அதற்கும் கீழே போகும். அப்போது மூன்றாவது உறை அரை இன்ச்சுக்காகப் போய்விடும். காட்டனில் 54ஆக இருந்தாலும் ஐந்து உறைக்கு 85 இன்ச் கணக்கிலேயே வாங்குங்கள்.

ஜிப் வைத்தால் துணி மிச்சமாகும் என்று நினைத்து ஜிப்புக்குப் போகிறவர்கள் உண்டு. ஜிப் உறைக்கு முன்னும் பின்னும் இரண்டு துண்டு, ஒவ்வொன்றும் 17க்கு 17.5 வரும். ஐந்து உறைக்குப் பத்துத் துண்டு, 44 பன்னாவில் வரிசைக்கு இரண்டு, ஐந்து வரிசை. எப்படி அடுக்கினாலும் 85 இன்ச்சுக்குக் கீழே வராது. துணியில் மிச்சம் இல்லை, ஜிப்புக்கும் ரன்னருக்கும் காசு கூடுதல். ஜிப் பிடித்திருந்தால் வையுங்கள், துணி மிச்சம் என்பதற்காக வைக்க வேண்டாம்.

இன்ச்சை மீட்டராக மாற்றுவது

ஒரு மீட்டர் 39.37 இன்ச். கணக்குக்கு 39ஆல் வகுங்கள், விடை ஒரு துளி கூடுதலாக வரும், அது நல்லதுக்குத்தான். வீட்டுப் பெரியவர்கள் கெஜக் கணக்கில் சொன்னால் அது 36 இன்ச், மீட்டரை விடச் சின்னது. இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது.

85ஐ 39ஆல் வகுத்தால் 2.18 மீட்டர். இதோடு நிறுத்தினால் என் முதல் ஐந்து உறையின் கதைதான். இன்னும் இரண்டு சேர்க்க வேண்டும்.

ஒன்று, சுருக்கம். துவைக்காத காட்டன் முதல் துவைப்பில் சாதாரணமாக 3 முதல் 5 சதவீதம் சுருங்கும், நீளவாட்டில் அதிகம். 5 என்றே வையுங்கள்: 2.29 மீட்டர். இரண்டு, கோணல் வெட்டு. கடையில் கத்தரி நூல் நேராகப் போகாது. வீட்டில் ஒரு குறுக்கு நூலை உருவி நேர் பார்த்தால் ஒரு முனையில் இரண்டு இன்ச் வரை கோணல் தெரியும். இரு முனைக்கும் சேர்த்து 4 இன்ச், அதாவது 0.1 மீட்டர். ஆக 2.39. அடுத்த கால் மீட்டருக்கு ஏற்றினால் இரண்டரை மீட்டர்.

36 பன்னாவுக்கு இதே வழியில் போட்டால் மூன்றேகால் மீட்டர் வரும். இப்போது விலையைப் பாருங்கள். 36 பன்னா மீட்டர் 120 ரூபாய், 44 பன்னா 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதலாவது மலிவாகத் தெரியும். மூன்றேகால் மீட்டர் 390 ரூபாய், இரண்டரை மீட்டர் 375. மீட்டர் விலையை மட்டும் கேட்டுத் தேர்ந்தெடுத்தால் மலிவுத் துணிக்குத்தான் அதிகம் கொடுத்திருப்பீர்கள்.

என்னிடம் தைக்கப் பழகிய ஒரு பெண், "இன்னாக்கா, நாலு குஷனுக்கு இவ்ளோ கணக்கா?" என்று கேட்டாள். ஒருமுறை தாளில் போட ஐந்து நிமிடம். அதற்கப்புறம் கடையில் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டாம்.

கோடு, கட்டம், பெரிய பூ

வெறும் நிறத் துணிக்கும் பொடிப் பூவுக்கும் மேலே சொன்ன கணக்கே போதும். பெரிய டிசைன் என்றால் மாறும். ஒரு தாமரை, அதற்குக் கீழே 12 இன்ச் தள்ளி அதே தாமரை மறுபடி வருகிறது என்று வையுங்கள். ஐந்து குஷனிலும் தாமரை நடுவில் இருக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு துண்டும் டிசைனின் ஒரே இடத்தில் தொடங்க வேண்டும். 17 இன்ச் துண்டுக்கு இரண்டு டிசைன் தூரம், 24 இன்ச், போய்விடும். நான்கு 24, கடைசித் துண்டுக்கு 17, மொத்தம் 113 இன்ச். சுருக்கமும் கோணலும் சேர்த்தால் மூன்றேகால் மீட்டர். நடுவில் வரும் மிச்சப் பட்டைகளைப் பைப்பிங்குக்கு, அதாவது உறையின் ஓரத்தில் வைத்துத் தைக்கும் பட்டைக்கு, வைத்துக்கொள்ளலாம். அதனால் கடையில் துணிச் சுருளை விரித்து, டிசைன் எத்தனை இன்ச்சுக்கு ஒருமுறை திரும்புகிறது என்று அளந்துவிட்டு அப்புறம் மீட்டர் சொல்லுங்கள்.

யானை, மயில், குடம் மாதிரித் தலை கால் உள்ள டிசைனில், துணியின் நீளவாட்டில் அவை நின்றிருந்தால், குறுக்கே போட்ட துண்டு நல்லபடி அமையும். மடிப்பு இடமும் வலமும் வரும், பின்பக்கத்திலும் யானை நேராக நிற்கும். நீளவாட்டில் போட்ட துண்டில் மடிப்பு மேலும் கீழும் வரும், பின்பக்கத்து யானை தலைகீழாகும்.

வெல்வெட்டுக்கு டிசைன் இல்லாவிட்டாலும் திசை உண்டு. கையால் ஒரு பக்கம் தடவினால் பளபளப்பு, எதிர்ப்பக்கம் தடவினால் கருமை. எல்லாத் துண்டும் ஒரே திசையில் வெட்டப்பட வேண்டும். மிச்சத் துண்டைத் திருப்பிப் போட்டு ஒப்பேற்ற முடியாது.

நம் ஊர்த் துணிகள்

குடியாத்தம் கைத்தறி லுங்கிக்குப் பேர்போன ஊர். குஷன் உறைக்கு எனக்கு அதைவிடப் பிடித்த துணி இல்லை. கட்டமும் கோடும் நெசவிலேயே இருப்பதால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, சாயம் மேலோடு நிற்காமல் நூலிலேயே ஏறியிருக்கும், எத்தனை துவைத்தாலும் நாளாக ஆக மெதுமெதுப்பாகும். மூட்டாத லுங்கியாகக் கேட்டு வாங்குங்கள். மூட்டியதென்றால் தையலைப் பிரித்தெடுக்க வேண்டும். என்னிடம் இருந்த ஒன்றை அளந்தபோது நீளம் 2 மீட்டர், அகலம் 46 இன்ச். 2 மீட்டர் என்பது 78 இன்ச் சொச்சம், துவைத்தபின் 75 என்று வையுங்கள். நான்கு 17 சேர்ந்து 68. ஆக ஒரு லுங்கிக்கு நான்கு உறை, ஐந்தாவது வராது. ஐந்து வேண்டுமானால் இரண்டு வேறு கட்டத்தில் இரண்டு லுங்கி எடுத்து, மூன்றும் இரண்டுமாகக் கலந்து போடுங்கள். கட்டம் பெரிதாக இருந்தால் ஒவ்வொரு துண்டையும் ஒரே கோட்டில் தொடங்க மறக்க வேண்டாம். மிச்சம் இருக்கும் 7 இன்ச்சில் அதற்கு இடம் கிடைக்கும்.

புது லுங்கியில் கஞ்சி இருக்கும். வெட்டும் முன் ஒரு வாளித் தண்ணீரில் கைப்பிடி உப்புப் போட்டு ஒரு மணி நேரம் தனியாக ஊறவையுங்கள். தண்ணீர் வழவழவென்று ஆகும், கொஞ்சம் நிறமும் இறங்கும். அலசிவிட்டு நிழலில் காயப் போடுங்கள். வேலூர் சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் போட்டால் சீக்கிரம் காயும், ஆனால் அடர் நிறம் ஒரே பக்கம் வெளுத்துவிடும். லேசான ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டால் கட்டம் நேராகும். அதற்குப் பிறகு பன்னாவையும் நீளத்தையும் மறுபடி அளந்துவிட்டுத்தான் கத்தரியைத் தொட வேண்டும்.

பழைய பட்டுப் புடவையில் உறை தைக்கிறவர்களும் நிறைய. ஆரணி இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் இருந்தாலும் 1989 வரை அதுவும் நம் வட ஆற்காடுதான், இந்தப் பக்கத்து வீடுகளில் ஒரு ஆரணிப் பட்டாவது பெட்டியில் இருக்கும். பட்டில் கணக்கு வேறு. நீளம் ஏராளம், ஆனால் மடிப்பு விழுந்த இடமெல்லாம் இற்றுப்போயிருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, நல்ல இடங்களைச் சாக்கட்டியால் குறித்து, அதில் எத்தனை 17 சதுரம் தேறும் என்று எண்ணுங்கள். முன்பக்கத்துக்கு மட்டும் பட்டு, உள்ளே அதே அளவுக்கு மல் துணி கொடுத்துச் சேர்த்து அடித்தால்தான் பாரம் தாங்கும்.

பைப்பிங்

ஓரத்தில் பைப்பிங் வைக்க ஆசைப்பட்டால் தனியாக வாங்குங்கள். 16 இன்ச் குஷனின் சுற்றளவு 64, இணைப்புக்கு 4, ஆக 68. ஐந்துக்கு 340 இன்ச் நீளம், ஒன்றரை இன்ச் அகலப் பட்டை. கிராஸாக, அதாவது நூலுக்குச் சாய்வாக, வெட்டினால்தான் மூலையில் சுருக்கம் விழாமல் வளையும். கிராஸில் ஓரங்கள் வீணாகும் என்பதால் 44 பன்னாவில் அரை மீட்டர் சரியாக இருக்கும்.

மரச் சோபாவின் பெட்டி மெத்தை

தேக்கு சோபாவில் போடும் தடித்த ஃபோமுக்கு மேல் பக்கம், கீழ்ப் பக்கம், நான்கு பக்கவாட்டுப் பட்டை என்று துண்டுகள் கூடும். 22 இன்ச் சதுரம், 4 இன்ச் தடிமன் என்றால் மேலும் கீழும் 23 சதுரம் இரண்டு, பக்கவாட்டுக்கு 23க்கு 5 பட்டை மூன்று, ஜிப் வரும் பக்கத்துக்கு 23க்கு 3 பட்டை இரண்டு. 54 பன்னா சோபாத் துணியில் இரண்டு சதுரமும் ஒரு பட்டையும் பக்கத்துப் பக்கமாக 51 இன்ச்சில் அடங்கும், நீளம் 23. அதற்குக் கீழே 5 இன்ச்சில் இரண்டு பட்டை, 3 இன்ச்சில் இரண்டு ஜிப் பட்டை. ஒரு மெத்தைக்கு 31 இன்ச், மூன்று பேர் உட்காரும் சோபாவுக்கு 93 இன்ச். சுருங்காத துணி என்பதால் கோணலுக்கு மட்டும் சேர்த்து இரண்டரை மீட்டர் கேளுங்கள். பெட்டி மெத்தையை முதல் வேலையாக எடுக்காமல், இரண்டு மூன்று சாதா உறை தைத்துக் கை பழகியபின் தொடுவது நல்லது.

துணி போதாமல் போனால்

எவ்வளவு பார்த்தாலும் சில நேரம் மனதுக்குப் பிடித்த துணி கடையில் ஒன்றரை மீட்டர்தான் மிச்சம் இருக்கும். விட்டுவிட வேண்டாம். முன்பக்கத்துக்கு மட்டும் அது போதும்: 17 சதுரம் வரிசைக்கு இரண்டு, மூன்று வரிசை, 51 இன்ச், சுருக்கமும் கோணலும் சேர்த்து ஒன்றரை மீட்டருக்குள் ஐந்தும் முடியும். பின்பக்கத்துக்கு அதே நிறச் சாயலில் ஒரு வெறும் காட்டன், 44 பன்னாவில் எடுங்கள். 17க்கு 11.5 மடிப்புத் துண்டுகள் பத்து வேண்டும், வரிசைக்கு இரண்டாக 57.5 இன்ச், ஒன்றே முக்கால் மீட்டர் கேட்டால் சரியாக வரும். இரண்டையும் ஒரே நாளில் ஊறவைத்துச் சுருக்கிவிட்டு வெட்டுங்கள். ஒன்று சுருங்கி ஒன்று சுருங்காமல் இருந்தால் முதல் துவைப்பிலேயே உறை ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும்.